நூறு வட்டத்திலும் இல்லை என்றேன்

என் அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் ஏதோ நடமாடிக்கொண்டிருக்கிறோம். அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, தூங்க வேண்டிய நேரத்தில் தூங்கி, உடம்பைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாய் என்று நம்பித்தான் இதை ஆரம்பிக்கிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி விட்டபாடில்லை, டாக்டர் கொடுத்த முழங்கால் பட்டையைப் பத்திரமாக அலமாரிக்குள் வைத்திருக்கிறார், அலமாரிக்குத்தான் மூட்டுவலி என்று நினைத்துக்கொண்டாரோ என்னவோ. குளியலறைக் குழாய் ஒழுகுகிறது, ஆளைக் கூப்பிடுகிறேன் என்றால் நானே பார்த்துக்கொள்கிறேன் என்கிறார், மூன்று வாரமாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார், குழாயும் அவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. கிளினிக்கில் லேபுக்குப் புது மைக்ராஸ்கோப் வந்திருக்கிறது, அதில் வேலை செய்தால் கழுத்து வலிக்கவில்லை என்று எல்லோரும் புகழ்கிறார்கள், நான் பழையதையே கட்டிக்கொண்டு அழுகிறேன். அடுத்த வருடம் ஓய்வு கொடுத்து அனுப்பும்போது அதையும் என்னோடு அனுப்பிவிடுவார்கள் என்று மருந்தாளர் கேலி செய்கிறார். இதையெல்லாம் சொல்வதற்காக நான் பேனாவை எடுக்கவில்லை என்று இந்நேரம் நீ கண்டுபிடித்திருப்பாய். போனில் சொல்லலாம் என்றுதான் இரண்டு தடவை உன்னைக் கூப்பிட்டேன், நீ என்னம்மா என்று கேட்டதும் குழாய் ஒழுகுகிற கதையைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். கடிதம் என்றால் நடுவில் நீ ஒன்றும் கேட்க முடியாது, அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

உன் மாமாவுக்கு வெறும் இருமல், பட்டறையில் வெல்டிங் புகை ஒத்துக்கொள்ளவில்லை என்று உன்னிடம் சொல்லியிருந்தேன் இல்லையா, அது பொய். என் தம்பிக்குக் காசநோய். போன வருடம் இதே மாதம் தொடங்கியது. உன்னிடம் சொல்ல வேண்டாம், பையன் அங்கே தனியாக உட்கார்ந்து கவலைப்படுவான் என்று அவன்தான் தடுத்தான், நானும் ஆறு மாதத்தில் சரியாகிவிடப் போகிற விஷயத்துக்கு உன் தூக்கத்தைக் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டேன். அவனுடைய முதல் ஸ்லைடை நான்தான் பார்த்தேன். முப்பத்தோரு வருடமாக ஊரார் சளியைச் சாயம் போட்டுப் பார்க்கிறவள் நான், நீலத் தரையில் சிவப்புக் குச்சி குச்சியாக அந்தக் கிருமி தெரியும்போது ஒரு நாளும் பேனா நின்றதில்லை, அன்றைக்கு ரிப்போர்ட்டில் அவன் பெயரையே இரண்டு தடவை தப்பாக எழுதி அடித்தேன். எண்ணவே வேண்டாம், எங்கே நகர்த்தினாலும் குச்சிதான். இருந்தாலும் பயம் இல்லை என்றே நினைத்தேன், ஏனென்றால் மருந்து இருக்கிறது, நல்ல மருந்து, ஆறு மாதம் விடாமல் போட்டால் போய்விடும், எத்தனையோ பேருக்குப் போய் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். மாமாவும் முதல் இரண்டு மாதம் ஒழுங்காகத்தான் போட்டான். குமட்டுகிறது, வாய் கசக்கிறது, சிறுநீர் ஆரஞ்சு வண்ணத்தில் போகிறது என்று புலம்பிக்கொண்டே போட்டான், உன் அத்தை எதிரில் நின்று விழுங்க வைப்பாள். இரண்டு மாதம் முடிந்து மறுபடி சளியைப் பார்த்தேன். நூறு வட்டம் பார்க்க வேண்டும் என்பது எங்கள் கணக்கு. லென்ஸில் கண்ணை வைத்தால் தெரிகிற வட்டத்தைச் சொல்கிறேன், ஒன்று பார்த்து நகர்த்தி, அடுத்ததைப் பார்த்து நகர்த்தி, அப்படி நூறு. நூறிலும் ஒரு குச்சி கூட அகப்படவில்லை. நான் நாற்காலியில் உட்கார்ந்தபடியே அழுதுவிட்டேன்.

இதில் நீ எங்கே வருகிறாய் என்றால், அதே வாரம்தான் நமக்குள் போனில் அந்தச் சண்டை வந்தது. நீ மறந்திருப்பாய், நான் மறக்கவில்லை. லேப்ல நீ கண்ணால பாத்தாத்தான் எழுதுவ, சர்ச்சுக்குப் போனா மட்டும் குடையோட சேத்து மூளையையும் வாசல்ல வெச்சிட்டுப் போயிடற என்றாய். எனக்குச் சுருக்கென்று பட்டது. நட்சத்திரத்து வெளிச்சத்தை அளக்கிற வேலை உனக்கு, உன் கருவியில தெரியாததெல்லாம் இல்லாமப் போயிடுமாடா என்று நானும் பதிலுக்குக் கத்தினேன். பேசி முடித்த பிறகும் எனக்கு ஆறவில்லை. நீ சபையை விட்டுப் போனதைக்கூடத் தாங்கிக்கொண்டேன், என்னை ஒரு தலையில் இரண்டு ஆள் என்று சொன்னதைத் தாங்க முடியவில்லை. லேபில் இருக்கிறவளும் ஆலயத்தில் இருக்கிறவளும் ஒருத்திதான் என்று யாருக்காவது நிரூபித்துக் காட்ட வேண்டும் போல இருந்தது. அந்த நேரம் பார்த்துப் போதகர் வந்து கேட்டார், இந்த ஞாயிற்றுக்கிழமை நீங்க சாட்சி சொல்லுங்கம்மா, எல்லாரும் வலி போச்சு தலைசுத்தல் போச்சுன்னு சொல்றாங்க, நீங்க மைக்ராஸ்கோப்புல பாக்கறவங்க, நீங்க சொன்னா சபைக்கு அது தனி பலம் என்று. உனக்குத்தான் தெரியுமே, நம் சபையில் ஆராதனை முடிவதற்கு முன்னால் யாராவது இரண்டு பேர் எழுந்துபோய் ஆண்டவர் தங்களுக்குச் செய்ததைச் சொல்வார்கள், நான் இத்தனை வருடத்தில் ஒரு நாளும் போனதில்லை, கூச்சம். அன்றைக்குப் போனேன். கையில் ரிப்போர்ட்டையும் கொண்டுபோனேன், அவ்வளவு வீம்பு.

என்ன சொன்னேன் என்று ஒரு வார்த்தை விடாமல் நினைவிருக்கிறது. என் தம்பியின் சளியில் இரண்டு மாதத்துக்கு முன்னால் எண்ண முடியாத கிருமியைப் பார்த்தேன், இந்த வாரம் நூறு வட்டம் பார்த்தேன், நூறிலும் இல்லை, கர்த்தர் அவனைச் சுத்தமாக்கிவிட்டார் என்றேன். சபை முழுக்க எழுந்து நின்று ஸ்தோத்திரம் சொன்னது. உன் மாமா முன் வரிசையில் குழந்தை மாதிரி அழுதான். மருந்தைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்னும் நான்கு மாதம் மாத்திரை போட வேண்டும் என்பதையும் சொல்லவில்லை. வேண்டுமென்றே விட்டேன் என்று சொல்ல மாட்டேன், மறந்தேன் என்றும் சொல்ல மாட்டேன். அங்கே நிற்கும்போது மாத்திரையின் பெயரைச் சொன்னால் ஆண்டவருக்குப் போக வேண்டிய மகிமையில் பங்கு கேட்பது போல இருந்தது, சாட்சி சொல்கிறவர்கள் யாரும் அதைச் சொல்வதில்லை, அதுதான் வழக்கம். இதில் கொடுமை என்ன தெரியுமா, நான் பயிற்சிக்குப் போன முதல் வாரத்தில் சொல்லிக்கொடுத்த பாடம், நூறு வட்டத்தில் ஒன்றும் தெரியாவிட்டால் தென்படவில்லை என்றுதான் எழுத வேண்டும், இல்லை என்று எழுதவே கூடாது. ஒரு மில்லி சளியில் ஐயாயிரம் கிருமி இருந்தாலும் கண்ணாடியில் சிக்காமல் போகும். அதற்குத்தான் மீதி நான்கு மாத மருந்து. கண்ணுக்குத் தெரியாதது இல்லாமல் போய்விடாது என்று உனக்குப் போனில் பாடம் எடுத்தவள், நான்கு நாள் கழித்துச் சபையின் முன்னால் நின்று, நான் பார்க்கவில்லை ஆகையால் இல்லை என்று சொன்னேன். உனக்கும் துரோகம், படிப்புக்கும் துரோகம், நான் கும்பிடுகிற ஆண்டவருக்கும் துரோகம், மூன்றையும் ஒரே வாயால் செய்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அவனிடம் சொன்னேன், மாத்திரையை நிறுத்திடாதடா என்று. சரிக்கா என்றான். அவன் சரி என்று சொன்னால் சரிதான் என்று நான் இருந்துவிட்டேன். அத்தையும் இனி எதிரில் நின்று காவல் காக்க வேண்டாம் என்று விட்டுவிட்டாள். மாதா மாதம் கிளினிக்குக்கு வந்து மருந்தாளரிடம் கையெழுத்துப் போட்டு மாத்திரையை வாங்கிக்கொண்டு, என் ஜன்னல் பக்கம் தலையை நீட்டிச் சிரித்துவிட்டுப் போவான். ஐந்தாம் மாதம் மறுபடி சளி கொடுக்க வேண்டும், வெளியூரில் பெரிய கேட் வேலை இருக்கு வந்து தரேன் என்றான், போகட்டும் என்றேன். வேறு எந்த நோயாளியாக இருந்தாலும் ஆள் அனுப்பி இழுத்து வந்திருப்பேன். நீ ஊருக்கு வந்தது அந்தச் சமயம்தான், அவன் வேனில் நீங்கள் இருவரும் ஊர் சுற்றினீர்கள், அப்போதே இருமிக்கொண்டிருந்தான், நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எட்டாம் மாதம் அவன் ரத்தமாக இருமிய பிறகுதான் அத்தை பட்டறையைக் குடைந்தாள். வெல்டிங் குச்சி வருகிற தகர டப்பாவுக்குள் நான்கு மாத மாத்திரை, பட்டை பட்டையாக ரப்பர் போட்டுக் கட்டி வைத்திருந்தான். நடுநடுவே சில பட்டைகளில் மட்டும் ஓரிரண்டு உடைந்திருந்தன. அத்தை டப்பாவை அப்படியே கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். என்னை ஒன்றும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கிருமியை வளர்த்துப் பார்க்கிற பரிசோதனைக்கு அனுப்பினோம், வாரக்கணக்கில் காத்திருந்தோம், வழக்கமான மருந்து எதற்கும் அடங்காத கிருமி என்று பதில் வந்தது. வேறு மருந்து தொடங்கினார்கள், அதற்குள் நெஞ்சின் வலது பக்கம் முழுவதும் போய்விட்டது, ஈரலும் மருந்தைத் தாங்கவில்லை. இப்போது தனி வார்டில் இருக்கிறான், முப்பத்தெட்டு கிலோ. இரும்பு கேட்டைத் தனியாகத் தூக்கி நிறுத்தியவன், தண்ணீர் டம்ளருக்கு இரண்டு கை வேண்டியிருக்கிறது. இனிமே நாள எண்ணாதீங்க, பக்கத்துல இருங்க என்று டாக்டர் என்னிடம் சொல்லிவிட்டார்.

ஏன்டா இப்படிச் செய்தாய் என்று ஒரு நாள் கேட்டே விட்டேன். முகமூடி போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நீயே பாத்துட்டு இல்லன்னு சொன்னியேக்கா, அதுக்கு மேல மாத்திரை போட்டா ஆண்டவர நம்பாத மாதிரி இல்லையா என்றான். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு, நடுவுல பயந்துபோய் சில நாள் போட்டேன்க்கா, அப்படி சந்தேகப்பட்டதாலதான் திரும்பி வந்துடுச்சு என்றான். அவன் மாத்திரையை விட்டதற்காக வருத்தப்படவில்லை கண்ணு, போட்டதற்காக வருத்தப்படுகிறான். அதே வாரத்தில் மருந்தாளர் வந்து, நம் சபைக்கு வருகிற பஸ் கண்டக்டர் ஒருத்தருக்கும் இதே நோய், மூன்றாம் மாத மாத்திரை வாங்க வரவில்லை என்றார். நேரே போதகர் வீட்டுக்குப் போனேன், நான் சொன்ன சாட்சியில் ஒரு பாதியை விட்டுவிட்டேன், மீதியைச் சபையில் சொல்ல வேண்டும் என்றேன். அவர் கெட்டவர் இல்லை, உனக்கே தெரியும். நாற்காலியை எனக்கு இழுத்துப் போட்டார். அப்புறம் மேசை இழுப்பறையைத் திறந்து காட்டினார், உள்ளே சர்க்கரை நோய் மாத்திரை. பதினோரு வருஷமா போடறேம்மா, சபையில ஒருத்தருக்கும் தெரியாது, சொன்னா எனக்காக ஜெபிச்சு ஜெபிச்சு அவங்க நம்பிக்கை போயிடும்னு பயம் என்றார். நீங்க சொல்லுங்க, நான் தடுக்கல, ஆனா என்னை சொல்லச் சொல்லாதீங்க என்றார்.

மூன்று ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் சொன்னேன். ரிப்போர்ட் எதுவும் எடுத்துப்போகவில்லை. என் தம்பிக்குச் சளி சுத்தமானது மருந்தால், நான் இல்லை என்று சொன்னது தப்பு, அதைக் கேட்டு அவன் மருந்தை விட்டான், அதனால் சாகக் கிடக்கிறான், இங்கே யாராவது மாத்திரை போட்டுக்கொண்டிருந்தால் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள் என்றேன். ஒருத்தரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. போதகர் தலையைக் குனிந்தபடி அடுத்த பாட்டின் எண்ணைச் சொன்னார். வெளியே வரும்போது ஒரு அம்மா என் கையைப் பிடித்து, இவ்வளவு நாள் கழிச்சு விசுவாசத்த விட்டுட்டீங்களே என்றாள், கோபமாகக் கூட இல்லை, என் வீட்டில் சாவு விழுந்த மாதிரி துக்கமாகச் சொன்னாள். உன் அப்பா வீட்டுக்கு வந்ததும் குழாயைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். திங்கட்கிழமை காலையில் அந்தக் கண்டக்டர் கிளினிக்குக்கு வந்தார், என் ஜன்னல் எதிரில் நின்று மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்து, நாக்கை நீட்டிக் காட்டிவிட்டுப் போனார். நல்லதுதான். அதைப் பார்த்து எனக்கு நெஞ்சு குளிர்ந்திருக்க வேண்டும், குளிரவில்லை. இதே நாக்கைத் தம்பியிடம் நீட்டச் சொல்லாமல் விட்டேனே என்றுதான் தோன்றியது.

நான் சபையில் சொன்னதைப் பாட்டுக் குழுவில் இருக்கிற யாரோ வார்டில் போய் மாமாவிடம் சொல்லிவிட்டார்கள். அடுத்த முறை போனபோது அவனே கேட்டான், அப்ப கர்த்தர் எனக்கு ஒண்ணுமே செய்யலையாக்கா என்று. எனக்குத் தெரிந்த ஒரே பதிலைச் சொன்னேன், நான் மனதார நம்புகிற பதில், அந்த மாத்திரையும் அவர் குடுத்ததுதான்டா, அதக் கண்டுபிடிச்ச மூளையும் அவர் குடுத்ததுதான் என்றேன். இதைச் சொல்லித்தானே நான் உன்னிடமும் வாதாடுவேன், அறிவும் விசுவாசமும் ஒரே கையிலிருந்து வந்தவை, சண்டை போட வேண்டியதில்லை என்று. அவனோ, அப்ப அவர் குடுத்ததத்தான் நான் டப்பாவுல போட்டு மூடி வெச்சேனா என்றான். நான் அப்படிச் சொல்லவில்லைடா என்று என்னென்னவோ உளறினேன். சுவர் பக்கம் திரும்பிப் படுத்தவன்தான், இன்றைக்குப் பதினாறு நாள், என்னிடம் பேசவில்லை. போதகர் போய்ப் பேசிப் பார்த்தார், ஆண்டவர் மன்னிக்கிறவர் என்றார், மன்னிக்கிறார்னா நான் தப்பு பண்ணியிருக்கேன்னுதானே அர்த்தம் என்று அவரிடம் கேட்டானாம். எந்தப் பக்கம் போனாலும் குற்றவாளி தான்தான் என்று முடிவு கட்டிக்கொண்டு கிடக்கிறான். செத்துப் போவதற்குக் கூட அவனுக்குப் பயமில்லை, போய் நிற்கும் இடத்தில் அவர் தன்னை முகம் கொடுத்துப் பார்க்க மாட்டார் என்று பயப்படுகிறான். அத்தையிடம் அப்படித்தான் சொல்லியிருக்கிறான்.

அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். நீ அவனுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். சபையில் உள்ளவர்கள் யார் சொன்னாலும் ஆறுதலுக்குச் சொல்கிறார்கள் என்று தள்ளிவிடுவான், என்னைத் தள்ளிவிட்டான். நீ எழுதினால் நம்புவான். நீ ஆலயத்துக்கு வர மாட்டேன் என்றபோது நான் அழுதேன், அவன் மூளைக்காரன்க்கா, பொய் சொல்லி உள்ள உக்காந்திருக்கறத விட வெளிய நிக்கறது மேல் என்று உனக்காகப் பேசியது உன் மாமாதான், உனக்குத் தெரியாது. ஆண்டவர் இல்லை என்கிறவன் நீ, அவரைக் காப்பாற்றிப் பேச வேண்டிய அவசியம் உனக்கில்லை. ஆகவே இது ஒரு கிருமி, அதற்கு யார் நம்பினார்கள் யார் சந்தேகப்பட்டார்கள் என்று தெரியாது, யாரும் கோபித்துக்கொண்டு அதை மாமா மேல் திரும்ப ஏவவில்லை என்று எழுது. உன் அம்மா படித்தவள், தெரிந்தே பாதியைச் சொல்லாமல் விட்டாள், அவளை நம்பியதைத் தவிர மாமா ஒரு தப்பும் செய்யவில்லை என்று எழுது. என் மனம் நோகும் என்று மென்று முழுங்காதே, என்னைத் திட்டித்தான் எழுத வேண்டும். ஒரு விஷயம், நீ எதையும் தேடிப் படிக்கிற பிள்ளை, விட்டு விட்டுப் போட்ட மாத்திரைதான் கிருமியை மருந்துக்குப் பழக்கி முறுக்கேற்றிவிட்டது என்பதைக் கண்டுபிடித்துவிடுவாய். அதை மட்டும் எழுதாதே. உண்மையில் ஒரு பங்கைச் சொல்லாமல் விடு என்று கேட்கிறேன், நான் செய்த அதே வேலையை உன்னைச் செய்யச் சொல்கிறேன் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. இந்தத் தடவை அது யாரையும் கொல்லாது, கொல்வதற்கு ஆள் மிச்சமில்லை.

பெரிய எழுத்தில் எழுது, அத்தைதான் படித்துக் காட்டுவாள், அவளுக்கும் கண் சரியில்லை. இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே அனுப்பு, தள்ளிப் போடாதே. நீயும் மாமாவோடு அந்த வேனில் இரண்டு வாரம் அடைந்து கிடந்திருக்கிறாய், வேலை இருக்கிறது நேரமில்லை என்று சாக்குச் சொல்லாமல் இந்த வாரமே நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுத்துவிடு, இருமல் இருந்தால் சளியும் கொடு, அவர்கள் தென்படவில்லை என்று எழுதிக் கொடுத்தாலும் மூன்று மாதம் கழித்து இன்னொரு தடவை பார். முட்டை சாப்பிடு, ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்கு. நாங்கள் இங்கே எல்லோரும் பார்த்துவிட்டோம், அத்தைக்கும் அப்பாவுக்கும் ஒன்றும் தெரியவில்லை, எனக்கும்தான்.

இன்னொன்று, இதை அப்பாவிடம் கேட்டுவிடாதே. இந்தப் பதினாறு நாளாக என்னால் ஜெபிக்க முடியவில்லை. முழங்கால் போடுகிறேன், கண்ணை மூடுகிறேன், ஒரு வார்த்தை வருவதில்லை. உன் அப்பா பக்கத்தில் சத்தமாக ஜெபிக்கிறார், முடிக்கும்போது நானும் ஆமென் சொல்லி எழுந்துவிடுகிறேன், அவருக்குத் தெரியாது. உனக்குத்தான் முதலில் சொல்கிறேன், நீ இதைக் கேட்டுச் சந்தோஷப்பட மாட்டாய் என்பது எனக்குத் தெரியும், நீ அப்படிப்பட்ட பிள்ளை இல்லை. ஆண்டவர் உன்னைக் கைவிடாமல் பார்த்துக்கொள்ளட்டும், நீ போகிற வழியெல்லாம் உனக்குத் துணையாக இருக்கட்டும். கை பழக்கத்தில் எழுதிவிட்டது. அடித்துவிடலாமா என்று பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அடிக்க மனம் வரவில்லை, இருந்துவிட்டுப் போகட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா